வைஸ் ஹேண்டில் சேரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலைத்துண்டைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி வைஸ், அதைத் திருப்பி இறுக்கும் கைப்பிடி ஹேண்டில். பழைய மில் ஏலத்திலோ இரும்புக் கடையிலோ வாங்கும் வைஸ்களில் பலவற்றுக்கு ஹேண்டில் இருக்காது. கடைக்குப் போய் "ஆறு இன்ச் வைஸுக்கு ஒரு ஹேண்டில்" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது உங்கள் வைஸில் ஏறாது, அல்லது ஏறி லொடலொடவென்று ஆடும். ஆறு இன்ச் என்பது தாடையின் அகலம். ஹேண்டில் போய் உட்காருவது தாடையை நகர்த்தும் மரை ராடான ஸ்பிண்டிலின் முனையில். அந்த முனையை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிக்கு ஒரு அளவில் செய்திருப்பார்.

இந்த வேலை எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போது என்ன சொல்லி வருகிறார்களோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வைஸ் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத வழி முதலில், லேத்துக்குப் போக வேண்டிய வழி கடைசியில்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வைஸில் முதலில் வளைய வேண்டியது ஹேண்டில்தான். ஹேண்டில் வளைந்தால் ஒரு ராடு போச்சு. ஹேண்டில் வளையாமல் நின்றால் அந்த பலம் உள்ளே இருக்கும் நட்டுக்கும் வார்ப்பிரும்பு உடம்புக்கும் போகும். அது விரிசல் விட்டால் வைஸே போச்சு. அதனால் புது ஹேண்டில் பழையதைவிட நீளமாகவோ கடினமான இரும்பிலோ இருக்கக் கூடாது.

எதற்கும் முன்: முனையை அளந்து பாருங்கள்

ஸ்பிண்டில் முனை மூன்று வகையில் வரும். டேபிள் வைஸில் தலையில் ஒரு துளை, அதில் குறுக்கே ராடு போகும். மில்லிங், டிரில்லிங் மிஷின் வைஸ்களில் நாலுபட்டை (சதுர) முனை அல்லது ஆறுபட்டை (அறுகோண) முனை, அதன்மேல் கழற்றி மாட்டும் ஹேண்டில்.

பட்டையை வெர்னியரில் அளக்கும்போது நுனியில் அளக்காதீர்கள். நுனிதான் தேய்ந்திருக்கும். ஹேண்டில் போய்ச் சேராத அடிப்பக்கத்தில், காலரை (பட்டை தொடங்கும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தை) ஒட்டி, எதிரெதிர் பட்டைகளுக்கு நடுவே அளக்க வேண்டும். நாலுபட்டை என்றால் இரண்டு திசையிலும், ஆறுபட்டை என்றால் மூன்று திசையிலும். மி.மீ.-இல் கிடைக்கும் அளவை இப்படிப் படியுங்கள்:

12.7 வந்தால் அரை அங்குலம், அதாவது 4 நூல். 14.3 வந்தால் 9/16 அங்குலம். 15.9 வந்தால் 5 நூல். 17.5 வந்தால் 11/16. 19 வந்தால் 6 நூல், அல்லது நேரடியாக 19 மி.மீ.; இரண்டுக்கும் வித்தியாசம் 0.05 மட்டுமே என்பதால் எதைப் போட்டாலும் சேரும்.

ஆறுபட்டையில் 15.2, 18.0, 20.8, 23.4 என்று வந்தால் அது விட்வொர்த் அளவு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அந்த ஆங்கிலேய மரை முறை நம் ஊருக்குப் பழைய பிரிட்டிஷ் மிஷின்களோடு வந்தது. அந்த ஸ்பேனர்களில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டம், பட்டையின் அகலம் அல்ல. 3/8 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 18 மி.மீ. இருப்பது அதனால்தான். இதில் 18.0-க்கு 18 மி.மீ. ஸ்பேனரும் 20.8-க்கு 21 மி.மீ. ஸ்பேனரும் பெரும்பாலும் நன்றாகவே உட்காரும். தொல்லை கொடுப்பவை 15.2-ம் 23.4-ம். 15 ஏறாது, 16 ஆடும். 23 ஏறாது, 24 ஆடும்.

அளந்த எண்ணை வைஸ் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். மற்ற எல்லா முடிவும் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

அறிகுறி: ஹேண்டில் ஏறவே மறுக்கிறது

அளவு சரியாக இருந்தும் ஏறவில்லையா?

முதலில் விரலால் பட்டையின் ஓரத்தைத் தடவுங்கள். யாரோ சுத்தியலால் தட்டியதில் நுனி காளான் போல விரிந்து பிசிறு நிற்கும். தட்டை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். அடுத்து பெயிண்ட். பழைய வைஸை அழகாக்கி விற்பவர்கள் முனையையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். இரண்டு கோட் பெயிண்ட் ஒரு நல்ல ஃபிட்டை அடைக்கப் போதும். எமரி தாளால் தேய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, ஹேண்டிலின் துளைக்குள் இறுகிய கிரீஸும் இரும்புத்தூளும். மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் குத்தி எடுங்கள்.

பட்டை அரை மி.மீ.க்குள் பெரிதாக இருக்கிறதா?

இங்கே பலரும் ஸ்பிண்டிலை ராவ ஆரம்பிப்பார்கள். வேண்டாம். ஹேண்டிலின் துளையை ராவுங்கள். ஹேண்டில் பாழானால் இன்னொன்று செய்யலாம். ஸ்பிண்டில் பாழானால் வைஸ் நின்றுவிடும். பட்டையின் மேல் மார்க்கர் மை பூசி ஹேண்டிலை அழுத்தி எடுத்தால், துளைக்குள் எந்த இடத்தில் மை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் இடிக்கிறது என்று பொருள். அங்கே மட்டும் சதுர அரத்தால் ராவ வேண்டும். திரும்ப மை, திரும்ப அழுத்தல். பொறுமையாகச் செய்தால் கையால் அழுத்தும்போது மெதுவாக இறங்கி, இழுத்தால் தடையில்லாமல் வரும் ஃபிட் கிடைக்கும். அந்த நிலையில் நிறுத்திவிட்டு, ஹேண்டில் தலையிலும் ஸ்பிண்டில் நுனியிலும் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். கையால் ராவிய சதுரம் ஒரு திசையில்தான் அப்படி உட்காரும்.

அரம் கடிக்காமல் வழுக்கினால் ஹேண்டில் தலை ஹார்டன் செய்தது, அதாவது சூடாக்கிக் கடினமாக்கியது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அதைவிடப் பெரிய வித்தியாசமா? அது வேறு வைஸின் ஹேண்டில். புதிதாகச் செய்யும் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: ஏறுகிறது, ஆனால் ஆடுகிறது அல்லது வழுக்குகிறது

ஆட்டம் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். தாடையை எதையாவது பிடிக்க வைத்து இறுக்கிவிட்டு, ஹேண்டிலின் நுனியை முன்னும் பின்னும் அசையுங்கள். 16 மி.மீ. நாலுபட்டையில் 150 மி.மீ. நீள ஹேண்டிலின் நுனி மொத்தம் ஒரு செ.மீ. அளவுக்கு ஆடினால் துளை அரை மி.மீ. பெரிது. ஆறுபட்டையில் அதே இடைவெளிக்கு ஆட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் தெரியும், ஆறுபட்டை சீக்கிரம் உருண்டு போவதும் அதனால்தான்.

சுமார் ஒரு செ.மீ. வரை ஆடுகிறதா?

ஷிம், அதாவது இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு, போட்டால் போதும். உடைந்த ஹேக்ஸா பிளேடு இதற்கு அருமையான சாமான். கை ஹேக்ஸா பிளேடின் தடிமன் 0.6 மி.மீ.க்குச் சற்று மேல். பல்லை கிரைண்டரில் எடுத்துவிட்டு, பட்டையின் நீளத்துக்கு ஒடித்து, ஒரே ஒரு பக்கம் வைத்து ஹேண்டிலைத் தட்டி ஏற்றுங்கள். 23.4 விட்வொர்த் முனையில் 24 மி.மீ. சாக்கெட் போடும்போது மிஞ்சும் இடைவெளியும் கிட்டத்தட்ட இதே 0.6 தான். பிளேடு ஏறாத அளவு சின்ன இடைவெளி என்றால் பித்தளைத் தகடு. ஹேண்டிலைக் கழற்றும்போதெல்லாம் ஷிம் விழுந்து தொலையும் என்பதால் துளைக்குள் ஒரு முனையில் பொட்டு வெல்டு வைத்தோ, நுனியை வெளியே மடித்தோ நிறுத்திவிடுங்கள்.

ஷிம்மை இரண்டு பக்கமும், மூன்று பக்கமும் திணிப்பது தவறு. ஒரு ஷிம்மில் ஆட்டம் போகவில்லை என்றால் ஷிம்மின் எல்லை முடிந்துவிட்டது.

அதற்கு மேல் ஆடுகிறதா?

தேய்ந்தது துளையா பட்டையா என்று பாருங்கள். காலரை ஒட்டி 17, நுனியில் 16.2 என்று வந்தால் பட்டை தேய்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் 17 வந்தால் குற்றம் ஹேண்டிலுடையது, அதை மாற்றுங்கள்.

பட்டையின் மூலைகள் உருண்டுவிட்டனவா?

இதில் வழி மூன்று. முதல் வழி, ஹேண்டிலின் தலையை ஆழமாகச் செய்து, தேயாத அடிப்பக்கம் வரை போய்ப் பிடிக்க விடுவது. பல வைஸ்களில் காலருக்கு முன்னால் 5, 6 மி.மீ. நல்ல பட்டை அப்படியே இருக்கும். பட்டையின் அகலம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு ஆழமாவது ஹேண்டில் பிடிக்க வேண்டும், 16 மி.மீ. பட்டைக்கு 16 மி.மீ. ஆழம். அதற்குக் குறைவாகப் பிடிக்கும் ஹேண்டில் எத்தனை நன்றாகச் சேர்ந்தாலும் மூலையைத் தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது, பட்டையை அடுத்த சின்ன அளவுக்கு ராவி இறக்குவது. இதில் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். முறுக்கைத் தாங்கும் பலம் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 17-ஐ 16 ஆக்கினால் ஆறில் ஒரு பங்கு பலம் போகும். 17-ஐ 14 ஆக்கினால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். ஒரு மி.மீ. வரை இறக்கலாம், அதற்கு மேல் கூடாது.

மூன்றாவது, பட்டையின் மேல் வெல்டு ஏற்றித் திரும்ப மில்லிங்கில் சதுரமாக்குவது. இதை வீட்டில் செய்யாதீர்கள். ஸ்பிண்டிலை முழுதாகக் கழற்றி எடுத்து, லோ ஹைட்ரஜன் ராடில் வெல்டு வைத்து, நேராக இருக்கிறதா என்று லேத்தில் வைத்துச் சரிபார்க்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வைஸில் மாட்டியபடியே வெல்டு வைத்தால் சூட்டில் ஸ்பிண்டில் கோணும். அப்புறம் மரை நட்டுக்குள் ஒரு சுற்றில் இறுகி ஒரு சுற்றில் தளரும்.

அறிகுறி: எந்தக் கடையிலும் இந்த அளவுக்கு ஹேண்டில் இல்லை

இதுதான் அதிகம் வரும் கேள்வி. செய்துகொள்ள வேண்டியதுதான். எளிய வழியிலிருந்து போவோம்.

நாலுபட்டை 12.7 அல்லது 19 என்றால்

உங்களுக்கு அதிர்ஷ்டம். அரை இன்ச் டிரைவ் சாக்கெட்டின் பின்பக்கம் இருக்கும் சதுரத் துளை 12.7-க்கானது. முக்கால் இன்ச் டிரைவ் சாக்கெட்டின் பின்துளை 19-க்கானது. முன்பக்கம் தேய்ந்து தூக்கிப் போட்ட சாக்கெட்டைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். அதன் மேல் குறுக்கே ஒரு ராடு வெல்டு வைத்தால் ஹேண்டில் தயார். சாக்கெட் மேல் இருக்கும் பளபளப்பு குரோம் பூச்சு. வெல்டு வைக்கும் இடத்தில் அதை முழுதாக கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். அந்தப் பூச்சு எரிந்து வரும் புகை நுரையீரலுக்கு விஷம். சாக்கெட் இரும்பு அலாய் என்பதால் முதலில் கை வைக்க முடியாத அளவு சூடாக்கி, வெல்டு வைத்து, தண்ணீரில் முக்காமல் சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஆறவிடுங்கள். உடனே ஆறினால் வெல்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும்.

வேறு அளவு நாலுபட்டை, அவசரத்துக்கு ஒரு வழி வேண்டும் என்றால்

பன்னிரண்டு புள்ளி சாக்கெட் நாலுபட்டையிலும் ஏறும். பட்டையின் அகலத்தை 1.22-ஆல் பெருக்கினால் சாக்கெட் அளவு வரும். 14 பட்டைக்கு 17, 17 பட்டைக்கு 21, 19 பட்டைக்கு 23 அல்லது 24. மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தால் ஒரு அளவு குறைத்தும் போட்டுப் பாருங்கள். பிடிப்பது நான்கு மூலையில் மட்டும் என்பதால் இது இன்றைய வேலையை முடிக்கத்தான். தினமும் இதிலேயே இறுக்கினால் மூலை உருண்டு, மேலே சொன்ன தேய்ந்த பட்டைக் கதைக்கு வந்து சேர்வீர்கள்.

வெல்டிங் மிஷின் இருக்கிறது, லேத் இல்லை என்றால்

சதுரக் குழாயைப் பாருங்கள். 20க்கு 20, 2 மி.மீ. கனம் என்றால் உள்ளே 16. 25க்கு 25, 3 மி.மீ. கனம் என்றால் உள்ளே 19. கனம் கடைக்குக் கடை வேறுபடும் என்பதால் வெர்னியரைக் கையோடு கொண்டு போங்கள். உள்ளே ஓடும் வெல்டுத் தையலை அரத்தால் எடுத்தால்தான் பட்டை ஏறும். 2 மி.மீ. கனம் டிரில்லிங் வைஸுக்குப் போதும், மில்லிங் வைஸுக்குப் போதாது.

குழாய் சேராத அளவு என்றால் இரண்டு எல் ஆங்கிள் துண்டுகளை எதிரெதிராக வைத்துப் பெட்டியாக்குவதுதான் நான் அதிகம் செய்வது. 17.5 போன்ற எந்த நாலுபட்டை அளவுக்கும் இது ஒத்துவரும். ஆனால் ஸ்பிண்டில் மேலேயே வைத்து வெல்டு அடிக்காதீர்கள். அதே அளவுக்கு ராவிய ஒரு டம்மித் துண்டு செய்துகொள்ளுங்கள். டம்மியைச் சுற்றிக் கூல்டிரிங் கேனின் அலுமினியத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. இடைவெளி தானாகக் கிடைக்கும். ஆங்கிளின் உள்மூலை கூராக இருக்காது, சற்று வளைந்திருக்கும். அந்த வளைவில் பட்டையின் மூலை ஏறி நிற்கும், பார்க்கச் சேர்ந்தது போல இருக்கும். அதனால் முக்கோண அரத்தால் உள்மூலையில் ஒரு பள்ளம் இழுத்துவிட்டு வையுங்கள். ஆங்கிளின் கால்களை வெட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் 1 அல்லது 2 மி.மீ. இடைவெளி விட்டு, ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி, முதலில் பொட்டு வெல்டு, பிறகு முழு வெல்டு. வெல்டு ஆறும்போது சுருங்கி டம்மியைக் கவ்விக்கொள்ளும். சூடு ஆறுவதற்குள் டம்மியைத் தட்டி வெளியே எடுத்துவிடுங்கள். கடைசியாகப் பெட்டியின் வெளியே ஒரு பைப் வளையம் மாட்டி அதையும் சேர்த்து வெல்டு வைத்தால் பெட்டி வாய் பிளக்காது. வளையத்துக்கு ஜி.ஐ. பைப் எடுத்தால் அதன் துத்தநாகப் பூச்சை முன்னாலேயே கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். துத்தநாகப் புகை குடித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும்.

வெல்டு இல்லாமல் சுத்தமாக வேண்டும் என்றால்

17 பட்டைக்கு 38 மி.மீ. வட்ட ராடில் ஒரு துண்டு. மூலைக்கு மூலை 24 வரும் என்பதால் சுற்றிலும் 7 மி.மீ. இரும்பு மிஞ்சும். முதலில் சதுரத்தை வரைந்து நான்கு மூலையிலும் 3 மி.மீ. துளை. அப்புறம் நடுவில் 17 மி.மீ. துளை. மிச்சத்தை சதுர அரத்தால் ராவி எடுப்பது. மூலைத் துளையை முதலில் போட வேண்டும். நடுத்துளையைப் போட்ட பிறகு மூலையில் டிரில் பிட் நிற்காமல் உள்பக்கம் சாயும்.

ராவப் பொறுமை இல்லையா? ஸ்லாட்டிங் மிஷின் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். கீவே வெட்டும் அதே மிஷினில் உள்சதுரமும் வெட்டுவார்கள். கோயம்புத்தூர், அம்பத்தூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு வயர்கட்டும் (மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் இரும்பை வெட்டும் மிஷின்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செலவு கூடும், ஆனால் எந்த அரைகுறை அளவும் நூல் பிடித்தது போல வரும். கொடுக்கும்போது "வைஸ் ஹேண்டில்" என்று மட்டும் சொல்லாமல், உங்கள் பட்டை அளவோடு 0.15 கூட்டித் துளை அளவாக எழுதிக் கொடுங்கள். பட்டை 17.46 என்றால் துளை 17.6.

அறிகுறி: ஹேண்டில் சேர்கிறது, சுற்றினால் மில்லிங் டேபிளில் இடிக்கிறது

வைஸின் ஸ்பிண்டில் தாழ்வாக இருக்கிறது, ஹேண்டிலின் கை நீளம். முதலில் வைஸையே நகர்த்திப் பாருங்கள். ஸ்பிண்டில் நுனி டேபிளின் ஓரத்துக்கு வெளியே வரும்படி வைத்தால் இடிப்பது நின்றுவிடும், ஒரு பைசா செலவில்லை. முடியாத இடத்தில் கழுத்தை நீட்ட வேண்டும். 12.7 பட்டைக்கு, பழைய அரை இன்ச் எக்ஸ்டென்ஷனின் துளை உள்ள முனை அப்படியே ஏறும். மறு முனையில் குறுக்கு ராடு வெல்டு வைக்கலாம். மற்ற அளவுகளுக்குத் தலைக்கும் கைக்கும் நடுவே உருளை ராடு வைத்து நீட்டுங்கள். கழுத்து நீள நீள இறுக்கும்போது முனை பக்கவாட்டில் இழுபடும் என்பதால் 100 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

மிஷினை ஓட்டும் முன் ஹேண்டிலைக் கழற்றிக் கீழே வைத்தாக வேண்டும். டேபிள் நகரும்போது நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில் மிஷின் தூணில் மாட்டினால் வைஸே திரும்பும். கட்டர் உடைந்து பறக்கும்.

அறிகுறி: டேபிள் வைஸில் ராடு தலைத் துளைக்குள் போகவில்லை

பெரும்பாலும் துளை 5 நூல், ராடு 16 மி.மீ. கடையில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். ஆனால் 5 நூல் என்பது 15.875. கறுப்பு ராடு என்றால் அதன் மேல் செதில் வேறு இருக்கும், உருண்டையாகவும் இருக்காது. பிரைட் பார் வாங்கி லேத்தில் 15.5-க்கு ஒரு கட் ஓட்டச் சொல்லுங்கள். ராடை நட்டுக்குத்தாக நிறுத்தினால் தன் எடையிலேயே சறுக்கி இறங்க வேண்டும், அதுதான் சரியான ஃபிட். கட்டடக் கம்பியைப் போடவே போடாதீர்கள். அதன் வரிகள் துளையையும் அரிக்கும், உள்ளங்கையையும் கிழிக்கும்.

போகிறது, ஆனால் லொடலொடவென்று ஆடுகிறதா?

துளை முட்டை வடிவமாகிவிட்டதா என்று குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் என்றால் தடித்த ராடு போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் துளையை அடுத்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். அதற்கு முன் துளைக்கு இரு பக்கமும் தலையில் 8 மி.மீ. இரும்பாவது மிஞ்சுமா என்று பாருங்கள். கை டிரில்லில் முட்டைத் துளையைப் பெரிதாக்க முயன்றால் பிட் தேய்ந்த பக்கமே ஓடும். ஸ்பிண்டிலைக் கழற்றி, பில்லர் டிரில்லில் கட்டிவைத்துச் செய்ய வேண்டிய வேலை. தலையில் விரிசல் கண்ணில் பட்டால் அத்தோடு நிறுத்தி ஸ்பிண்டிலையே மாற்றுங்கள்.

ராடு கழன்று விழுகிறதா, விரலைக் கடிக்கிறதா?

முனையின் குமிழ் போயிருக்கும். நட்டை வைத்து வெல்டு அடிப்பது வழக்கம், ஆனால் அடுத்த முறை ராடு வளைந்தால் கழற்ற முடியாது. ராடின் இரு முனையிலும் எம்10 மரை போட்டு, குமிழோ டோம் நட்டோ திருகி, மரைப் பசை ஒரு சொட்டு விடுவது என் சிபாரிசு. வெல்டுதான் என்றால் எர்த் கிளாம்பை ராடிலேயே மாட்டுங்கள். வைஸ் உடம்பில் மாட்டினால் கரண்ட் மரை வழியாகப் போய் மரையில் பொட்டுப் பொட்டாகக் கடித்து வைக்கும். குமிழுக்கு உள்பக்கம் ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்) மாட்டிவிட்டால், ராடு சடாரென்று இறங்கும்போது விரலின் சதை தலைக்கும் குமிழுக்கும் நடுவே சிக்காது. பள்ளிக்கூட, ஐ.டி.ஐ. பட்டறை வைஸ்களில் இதைக் கட்டாயம் போடுங்கள்.

வளைந்த ராடு துளையில் சிக்கிக்கொண்டதா?

சுத்தியலால் அடித்து வெளியே தள்ள முயன்றால் துளை வாய் விரியும். தலையை ஒட்டி இரு பக்கமும் ஹேக்ஸாவில் அறுத்துவிட்டு, நடுத்துண்டைப் பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். நடுத்துண்டு நேராகத்தான் இருக்கும், சுலபமாக வரும்.

அறிகுறி: புது ஹேண்டிலும் வளைந்துவிட்டது

இரண்டாவது ஹேண்டிலும் வளைந்தால் தடித்த ராடு தேடிப் போகாதீர்கள். ராடை எடுத்துவிட்டு, தாடையில் எதுவும் பிடிக்காமல், ஸ்பிண்டில் தலையை வெறும் விரலால் திருகுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

விரலால் சுற்ற முடியவில்லை என்றால் மரையில் காய்ந்த கிரீஸ், இரும்புத்தூள், துரு. நகரும் தாடையை முழுதாக வெளியே இழுத்து, கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, உள்ளே இருக்கும் நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வையுங்கள். ஹேண்டிலுக்குப் போட வேண்டியிருந்த பலத்தில் பாதி இத்தோடு குறையும் வைஸ்கள் நிறைய.

ஒரு இடத்தில் மட்டும் இறுகி மறு இடத்தில் தளர்ந்தால் ஸ்பிண்டில் கோணியிருக்கிறது. லேத்தில் சென்டர்களுக்கு நடுவே வைத்து டயல் (கோணலை அளக்கும் கருவி) போட்டுப் பார்க்க வேண்டும். டர்னரிடம் கொடுங்கள்.

விரலால் நன்றாகச் சுற்றியும் ஹேண்டில் வளைகிறது என்றால், யாரோ பைப் மாட்டித் திருகுகிறார்கள், அல்லது ஹேண்டிலைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிறார்கள். 250 மி.மீ. ஹேண்டிலில் இன்னொரு 250 பைப் போட்டால் தாடையில் விழும் பலம் இரண்டு மடங்கு. வேலைக்கு உண்மையிலேயே அவ்வளவு பிடிப்பு வேண்டும் என்றால் இந்த வைஸ் அந்த வேலைக்குச் சின்னது. பெரிய வைஸில் பிடியுங்கள். தாடையின் சொரசொரப்பு தேய்ந்து வழுக்குவதால் கூடுதலாக இறுக்குகிறார்கள் என்றால் தாடைத் தகடுகளை மாற்றினால் ஹேண்டில் பிழைக்கும்.

அறிகுறி: ஹேண்டில் சுற்றுகிறது, தாடை நகரவில்லை

ஹேண்டில் தலையையும் ஸ்பிண்டிலையும் சேர்த்து மார்க்கரால் ஒரு நேர்கோடு போடுங்கள். பாதிச் சுற்று திருப்புங்கள். கோடு பிரிந்தால் ஹேண்டில் வழுக்குகிறது. ஆட்டத்துக்கான பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

கோடு சேர்ந்தே சுற்றினால், தலை தனியாகவும் ஸ்பிண்டில் தனியாகவும் செய்து, குறுக்கே ஒரு 'பின்' (இணைப்பு ஊசி) அடித்துச் சேர்த்த வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் கோட்டைத் தலைக்கும் மரை ராடுக்கும் நடுவே போட்டு இன்னொரு முறை திருப்புங்கள். இப்போது பிரிந்தால் பின் அறுந்திருக்கிறது. பழைய பின்னை எந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது என்று கவனியுங்கள். டேப்பர் பின் ஒரு பக்கம் மெல்லியதாக இருக்கும், அங்கிருந்து தட்டினால்தான் வரும். அதே அளவு பின்னைப் போடுங்கள். ஆணியோ டிரில் பிட் துண்டோ அடித்தால் அது அடுத்த வாரமே அறும், அல்லது உடைந்து துளைக்குள்ளேயே நிற்கும்.

எல்லாம் சேர்ந்தே சுற்றி, தாடை மட்டும் நகரவில்லை என்றால் நட்டின் மரை போய்விட்டது, அல்லது நட்டைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றுவிட்டது. வைஸின் அடியில் கை விட்டு நட்டைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நட்டும் கூடவே அசைந்தால் போல்ட்டை இறுக்கினால் போதும். நட்டு அசையாமல் நிற்க உள்ளே மரை ராடு வழுக்கினால், நட்டையும் ஸ்பிண்டிலையும் ஜோடியாகக் கழற்றி லேத்துக்குக் கொண்டு போங்கள். தேய்ந்த ஸ்பிண்டிலுக்குப் புது நட்டு மட்டும் போட்டால் அதையும் தின்றுவிடும். நட்டு உட்காரும் வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல் இருந்தால், வார்ப்பிரும்பு வெல்டு தெரிந்த ஆள் பார்த்துச் சொல்லும் வரை அந்த வைஸில் எதையும் பிடிக்காதீர்கள்.